பாலைவனத்தில் ஏது புயல் என்று கேட்ட மாமாவுக்கு

சுவைக், ஓமன்
11.10.2021

அன்புள்ள மாமாவுக்கு,

  

நீங்கள் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். நான் வாயைத் திறப்பதற்குள் "ஒனக்குக் காசு ஏறும், வை" என்று நீங்களே வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடுதாசி. பக்கம் பக்கமாக எழுதி, படம் பிடித்து, தம்பி போனுக்கு அனுப்புகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். "பாலைவனத்துல ஏதுடா புயலு? பணம் அனுப்பாததுக்கு இப்படியும் ஒரு காரணமா?" என்றீர்களே, அதுதான் மனசில் முள்ளாகக் குத்துகிறது.

முதலில் ஒன்று. இந்தப் புயல் வேற்று ஆள் இல்லை மாமா, நம் வங்காள விரிகுடாவில் பிறந்ததுதான். செப்டம்பர் 26-ஆம் தேதி ஆந்திராவில் கலிங்கப்பட்டினம் பக்கம் கரையேறிய குலாப்பை டிவியில் காட்டியிருப்பார்களே, அதேதான். தரை வழியாக நாட்டைக் குறுக்கே கடந்து இளைத்துப்போய், குஜராத் பக்கம் அரபிக்கடலில் இறங்கித் தெம்பேற்றிக்கொண்டு, அக்டோபர் 1-ஆம் தேதி ஷாஹீன் என்று புதுப் பெயரோடு கிளம்பிவிட்டது. முதல் பெயர் பாகிஸ்தான் கொடுத்தது, இரண்டாவது கத்தார் கொடுத்தது. அதற்கு மெடிக்கல் இல்லை, விசா இல்லை, கைரேகை இல்லை. நான் வந்தபோது பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதிய பாவத்துக்கு எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினேன்! அப்படியும் பத்தாக்கா என்கிற இந்த ஊர் அடையாள அட்டையில் அப்பா பெயர்தான் முன்னால் நிற்கிறது. இன்றுவரை கம்பெனியில் எல்லோரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மேனேஜர் திட்டும்போதெல்லாம் சொர்க்கத்தில் இருக்கிற மனுஷனுக்குத்தான் திட்டு விழுகிறது. புயலுக்கு மட்டும் ஒரே நாளில் பெயர் மாற்றம்.

அரபிக்கடலில் புயல் வராமல் இல்லை. இந்தப் பக்கம் வந்தால் பெரும்பாலும் தெற்கே சலாலா பக்கம், இல்லாவிட்டால் ஏமன் பக்கம் போகும். இந்த ஆள் ஓமன் வளைகுடாவுக்குள்ளேயே நுழைந்து, அக்டோபர் 3-ஆம் தேதி சாயங்காலம் முசன்னாவுக்கும் எங்கள் சுவைக்குக்கும் நடுவில் ஏறிவிட்டார். வட ஓமன் கரையில் இப்படி ஏறியது 1890-க்குப் பிறகு இப்போதுதானாம். நம் வீட்டில் தாத்தா 1952 புயலைச் சொல்வார், நீங்கள் 77 புயலைச் சொல்வீர்கள், நாங்கள் கஜா புயலைச் சொல்வோம். இங்கே எந்தத் தாத்தாவுக்கும் சொல்வதற்குக் கதை இல்லை. அதுதான் பெரிய ஆபத்து என்பது அன்றைக்கு ராத்திரி தெரிந்தது.

அந்த ராத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு கம்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்த புதிதில் ஒரு போட்டோ அனுப்பினேனே, ரோட்டோரத்தில் ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன். அத்தைகூட "எந்தக் கோயில் கொடிமரம்டா?" என்று கேட்டார்கள். அது கொடிமரம் இல்லை, தண்ணீர் அளக்கிற கம்பம். இங்கே வருஷமெல்லாம் ஓடுகிற ஆறு கிடையாது. ஹஜர் மலையிலிருந்து கடல்வரைக்கும் வறண்ட கல்லுப் பள்ளமாகப் போகும், வாடி என்று பெயர். பல இடங்களில் பாலம் கட்டாமல் ரோட்டையே பள்ளத்துக்குள் இறக்கி ஏற்றியிருப்பார்கள். அந்த இடத்தில் இந்தக் கம்பம். கீழே வெள்ளை, மேலே சிவப்பு. தண்ணீர் வெள்ளையில் நின்றால் வண்டி போகலாம், சிவப்பைத் தொட்டால் போகக்கூடாது. மீறி உயிரைப் பணயம் வைத்து வண்டியை இறக்கினால் மூன்று மாதம்வரை ஜெயில், 500 ரியால்வரை அபராதம். நம் காசுக்கு ஒரு லட்சத்துக்குப் பக்கம்.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் கல்லும் மண்ணும். நடுவில் தண்ணீரை அளக்க ஒரு கம்பம். ஆடுகள் முதுகு சொறிந்துகொள்ளும். குப்பூஸ் ரொட்டிக் கடைக்காரர் டெலிவரிப் பையனுக்கு வழி சொல்லும்போது "கம்பத்துக்கிட்ட திரும்பு" என்பார். இதில் வேடிக்கை என்னவென்றால் எங்கள் ரூமுக்குப் பக்கத்துக் கம்பத்தில் வெயிலில் சிவப்பெல்லாம் வெளுத்துப்போய் மேலே கீழே எல்லாம் வெள்ளை. அதாவது எத்தனை ஆள் உயரத் தண்ணீர் வந்தாலும் சட்டப்படி வண்டி ஓட்டலாம். ரூமில் இருக்கும் மலையாளி அண்ணன் சட்டம் பேசுவார். "சிவப்பு வெளுத்தது ஓட்டுபவனின் குற்றமா, பெயிண்டின் குற்றமா?" என்று ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க விவாதம் ஓடியது. பங்களாதேஷ் பையன் ஒருவன், கம்பத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டால் தீர்ந்தது என்றான். அதற்கு முனிசிபாலிட்டி அனுமதி வேண்டும் என்றார் அண்ணன். அனுமதி மனு எழுதும் பொறுப்பு, ஆங்கிலம் தெரிந்தவன் என்று என் தலையில் விழுந்தது. பாதி எழுதினேன். அந்தப் பாதி மனு புயலில் போயிற்று.

கம்பமும் போயிற்று மாமா! 4-ஆம் தேதி காலையில் பார்த்தால் ஆளைக் காணோம். ரோட்டிலும் ஒரு துண்டைக் காணோம். இப்போது கம்பெனியில் ஒரு ஃபாரம் கொடுத்து, சாமான் சேதத்தோடு "தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது?" என்று எழுதச் சொல்கிறார்கள். அளக்க வேண்டியதே அடித்துக்கொண்டு போய்விட்டது, நான் எதைப் பார்த்து எழுதுவேன்? "கட்டிலுக்கு மேல், ஏசிக்குக் கீழ்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் அரசாங்கமே லீவு அறிவித்துவிட்டது. ரூமில் ஒரே கொண்டாட்டம், பிரியாணிக்குக் கறி வாங்கி வைத்தார்கள். நான் மட்டும் குடத்தில் தண்ணீர் பிடித்தேன், டார்ச்சுக்குப் பேட்டரி போட்டேன், பாஸ்போர்ட் நகலைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் வைத்தேன். சிரித்தார்கள். வேதாரண்யத்துக்காரனைப் பார்த்துப் புயலுக்குச் சிரிக்கிறார்கள்! இருட்டியதும் காற்று ஊளையிட ஆரம்பித்தது, சிரிப்பு நின்றது. இங்கே கூரை எல்லாம் தட்டைக் கூரை. தண்ணீர் வழிய வைத்த ஓட்டையில் மண் அடைத்துக்கொண்டு, மொட்டை மாடியே குளமாகிவிட்டது. ஏசி வைத்த பொந்து வழியாக அருவி. நடுவில் கொஞ்ச நேரம் காற்று அடங்கியது. எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுக்கக் கிளம்பினார்கள். நான் கதவில் குறுக்கே நின்றுகொண்டு, "ஒருத்தரும் போகக் கூடாது, இனிமேல் எதிர்க்காற்று வரும்" என்றேன். நீங்கள் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்ததுதான். சொல்லி வாய் மூடவில்லை, எதிர்ப்பக்கத்து ஜன்னல் பிய்த்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து ரூமில் எனக்கு மரியாதை. நாளைக்கு வெயிலடிக்குமா என்றுகூட என்னிடம்தான் கேட்கிறார்கள். பாலைவனத்தில் அதற்குப் பதில் சொல்வது சுலபம்.

ஆனால் வெள்ளம் எனக்கும் புதிது. நம் ஊரில் மழை பெய்தால் மண் குடிக்கும், குளம் குடிக்கும், மிச்சம்தான் தெருவுக்கு வரும். இங்கே மொட்டைப் பாறை, ஒரு சொட்டையும் பிடித்து வைக்காது. மலையில் பெய்தது அப்படியே பள்ளத்தில் திரண்டு வந்து இறங்குகிறது. பக்கத்து ஊர் கபூராவில் 369 மில்லிமீட்டர். இந்தப் பக்கமெல்லாம் ஒரு வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல வருஷம். மூன்றரை வருஷத்துக்கும் மேலான மழை ஒரே மூச்சில் வந்தால் எந்த ஊர் தாங்கும்? கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பேரீச்சந்தோப்புகளைப் பார்க்க முடியவில்லை. ஒரு கிழவர் விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் பாஷை தெரியாமல் பக்கத்தில் போய் நின்றேன். கஜாவுக்கு மறுநாள் நம் தோப்பில் நீங்கள் உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்தது. அதற்கு மேல் எழுதவில்லை.

எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மஸ்கட் பக்கம் ருசைல் தொழிற்பேட்டையில் மலைச்சரிவு இடிந்து தொழிலாளர் குடியிருப்பின் மேல் விழுந்து இரண்டு பேர் போய்விட்டார்கள். செய்தியில் "ஆசியத் தொழிலாளர்கள்" என்று போட்டிருந்தது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, ஒன்றும் இல்லை. அன்றைக்கு ராத்திரி பள்ளிக்கூடத்தில் யாரும் சரியாகப் பேசவில்லை. எங்கள் ரூமும் பள்ளத்தை ஒட்டித்தான் இருக்கிறது. வாடகை குறைவு என்பதால் கம்பெனி அங்கே எடுத்தது. ஈர மெத்தையை இன்னும் மாற்றவில்லை. கேட்டால், வெயிலில் காயும் என்கிறார்கள். காய்ந்துவிட்டது, நாற்றம்தான் காயவில்லை.

இந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை எங்கெங்கிருந்தோ கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். வெள்ளை வெளேரென்று உடுத்தி கையில் அழுக்குப் படாமல் இருப்பார்கள் என்று நாம் நினைக்கிற ஆட்கள், அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் மண்வெட்டி பிடித்தார்கள். யார் வீடு என்று கேட்காமல் நுழைந்தார்கள். எங்கள் ரூமுக்குள்ளும் நுழைந்து சேற்றை வாரிப் போட்டுவிட்டு, காவா என்கிற அரபுக் காபியும் பேரீச்சையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அங்கே புயல் வருமா?" என்றார். என்னையா கேட்டீர்கள் என்று ஆரம்பித்து, 52 புயலிலிருந்து சொல்லி முடிப்பதற்குள் காவா ஆறிவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எக்ஸ்சேஞ்ச் கடைக்குள் இடுப்பளவு சேறு, ஊரில் கரண்ட் இல்லை, அதனால்தான் பணம் தாமதம். நேற்று அனுப்பிவிட்டேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மேற்குப் பக்கத்துக் கூரை ஓடுகளை மாற்றிவிடுங்கள். கொல்லை வாய்க்காலையும் ஒரு ஆள் வைத்துத் தூர்வாருங்கள். மிச்சம் இருந்தால் அம்மாவிடம் கொடுங்கள், சீட்டில் போடாதீர்கள். அம்மாவிடம் கம்பெனி என்னை ஹோட்டலில் தங்க வைத்தது என்று சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்ததை எக்காரணம் கொண்டும் நீங்கள் வாய்விட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்