டச்சுக்காரர் கட்டாத டச்சு அரண்மனை

கொச்சி மட்டாஞ்சேரியில் ஆட்டோக்காரர் முதல் வழிகாட்டி வரை எல்லோரும் காட்டும் ‘டச்சு அரண்மனை’யைக் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். பக்கத்துக் கோயிலைச் சூறையாடியதற்கான சமாதானச் செலவு அது என்பார்கள். 1663இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள், கொஞ்சம் விரித்தும் கட்டினார்கள். பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. உள்ளே போனால் நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில், பள்ளியறைச் சுவரெல்லாம் ராமாயணம். ஆம்ஸ்டர்டாமைத் தேடி வந்தவர் அயோத்தியில் நிற்பார்.

இடிந்ததை எடுத்து நிறுத்தியவனுக்குப் பெயரில் உரிமையில்லையா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்தக் கணக்கில், இன்று பராமரிக்கும் இந்தியத் தொல்லியல் துறையின் பெயரையல்லவா வைக்க வேண்டும்? சுற்றுலாப் பயணிகள் அடையாளம் காணத்தானே இந்தப் பெயர் என்றால், முடிசூடிய மண்டபமும் ராஜாக்களின் ஓவியங்களும் இருக்குமிடத்தைக் ‘கொச்சி அரண்மனை’ என்றால் யாருக்கு வழி தப்பிவிடும்? கட்டியவர், குடியிருந்தவர் இருவரையும் விட்டுவிட்டுக் கொத்தனாருக்குப் பட்டா எழுதியிருக்கிறோம். கொத்தனார் ஐரோப்பியர் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.