நேராப் போக முடியாத ஊர்

அன்புள்ள அம்மாவுக்கு,

சித்தி பையன் ஹனோயில ஹோன் கீம் ஏரிக்கரையில நின்னு எடுத்த போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்புல போட்டாலும் போட்டான், "உங்க ஊர் நடுவுலயும் ஒரு ஏரி இருக்காமே, நீ எட்டிக்கூடப் பார்த்ததில்லையா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்ட. போன்ல பதில் சொன்னா அப்பா பாதியிலயே கட் பண்ணிடுவாரு. அதான் எழுதுறேன். அப்பத்தாவுக்கும் வாசிச்சுக் காட்டு. பேரன் ஃபாரின்ல இருக்கான்னு பூக்காரம்மாகிட்ட அவங்க சொல்றதை இனிமே யாரும் திருத்த வேண்டாம். அப்பத்தா பொறந்தப்ப நான் இருக்கிற இந்த ஹைதராபாத் நிஜாம் ராஜ்யம். 1948 செப்டம்பர்லதான் இந்தியாவோட சேர்ந்துச்சு.

போன ஞாயித்துக்கிழமை ஹுசைன் சாகருக்குப் போனேன். ஏரி கிடக்கட்டும், முதல்ல போய்ச் சேர்ந்த கதையைக் கேளு. இந்த ஊருல வலப்பக்கம் போகணும்னா வலப்பக்கம் திரும்பக் கூடாது. நாலு ரோடு கூடுற இடத்தையெல்லாம் அடைச்சு வச்சிருக்காங்க. இடப்பக்கம் திரும்பி, போய்க்கிட்டே இருந்து, யூ-டர்ன் அடிச்சு, கிளம்பின இடத்தை எதிர்ப்பக்கத்துல இருந்து ஒரு பார்வை பார்த்துட்டு, அப்புறம் போகணும். எங்க பால்கனியில நின்னா எதிர்ப் பால்கடைக்காரர் மீசை தெரியும். வண்டியில போனா ஒண்ணரை கிலோமீட்டர். நடந்து போக வேண்டியதுதானேன்னு நீ கேப்ப. நடுவுல இடுப்பளவுக்குச் சுவர். மாடி வீட்டுத் தாத்தா அதைத் தினமும் தாண்டுறாரு. எனக்கு அந்தத் தெம்பு இல்ல. நான் வண்டியை எடுத்துட்டுப் போய்ப் பால் வாங்கிட்டு வர்றதுக்குள்ள அவர் காபி குடிச்சு முடிச்சிடுறாரு.

இந்தப் பழக்கம் உடம்புல ஊறிப்போச்சு. மேனேஜர்கிட்ட லீவு கேக்குறப்பகூட, வேலை நிறைய இருக்குன்னு கொஞ்ச தூரம் போய்த்தான் திரும்புறேன். ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா, அடுப்படிக்குப் போக வேண்டிய கால் வாசப்பக்கம் போய்ட்டு வருது. அன்னைக்கும் அப்படித்தான். ஏரி பக்கத்துலயே பளபளன்னு தெரியுது, மேப்புல பேசுற அம்மா மட்டும் என்னை ஏரிக்கு முதுகைக் காட்டிட்டே போகச் சொல்லுது.

ஒருவழியா டேங்க் பண்ட்ங்கிற ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். இந்தப் பக்கம் ஹைதராபாத், அந்தப் பக்கம் செகந்திராபாத், ரெண்டுக்கும் நடுவுல ஏரி. 1560-கள்ல கோல்கொண்டாவை ஆண்ட இப்ராஹிம் குலி குதுப் ஷா காலத்துல ஹுசைன் ஷா வலி மேற்பார்வையில வெட்டினது. ஹைதராபாத் ஊரே 1591லதான் உருவாச்சு. பொண்ணு பார்க்குறதுக்கு முன்னாடியே தொட்டில் வாங்கின கதை.

கரை நெடுக தெலுங்குப் பெரியவங்க சிலைங்க. கூட்டத்துல நம்ம திருவையாத்துத் தியாகராஜரும் நிக்கிறாரு. அந்நிய ஊர்ல தெரிஞ்ச முகத்தைப் பார்த்த மாதிரி ஒரு கும்பிடு போட்டேன்.

நடு ஏரியில புத்தர். ஒரே கல்லு, 58 அடி. என்.டி. ராமராவ் நியூயார்க்ல சுதந்திரதேவி சிலையைப் பார்த்துட்டு வந்து, நமக்கும் அப்படி ஒண்ணு வேணும்னு ஆரம்பிச்ச வேலை. ராய்கிரி மலைக் கல்லுல செதுக்கி முடிச்சு, 1990 மார்ச் 10ஆம் தேதி மிதவையில ஏத்திக் கொண்டு போறப்ப மிதவை சாய்ஞ்சு சிலை தண்ணிக்குள்ள போயிடுச்சு. கூடப் போன ஆளுங்களும் செத்துப் போனாங்கம்மா. அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேல தண்ணிக்கடியில கிடந்து, ஒடையாம வெளிய வந்து, 1992 டிசம்பர் 1ஆம் தேதிதான் பீடத்துல நின்னாரு.

செதுக்கினது எஸ்.எம். கணபதி ஸ்தபதி, நம்ம தமிழ்நாட்டுக்காரர். படகுல பக்கத்துல உக்காந்திருந்த குடும்பத்துக்கு இதை என் அரைகுறைத் தெலுங்குல விளக்கினேன். நானே உளியெடுத்துச் செதுக்கின மாதிரி கேட்டுக்கிட்டாங்க, நானும் மறுக்கல. குமரிமுனையில வள்ளுவரைச் செஞ்ச வை. கணபதி ஸ்தபதி வேற ஆள். அப்பா குழப்பிக்குவாரு, சொல்லிடு.

சித்தி பையன்கிட்டயும் ஒண்ணு சொல்லு. ஹோன் கீம்ல லே லோய் ராஜாவோட வாளை ஆமை வந்து திருப்பி வாங்கிட்டுப் போச்சுன்னு கதை. கொடுத்ததைத் திருப்பி வாங்கின ஏரி அது. விழுங்கினதைத் திருப்பிக் கொடுத்த ஏரி இது.

பிள்ளையாரை மட்டும்தான் திருப்பிக் கொடுக்குறதில்ல. நம்ம மதுரைத் தெப்பக்குளம் தோண்டுறப்ப முக்குறுணிப் பிள்ளையார் கிடைச்சாரு, இங்க வருஷா வருஷம் கிரேன் வச்சு உள்ள இறக்குறாங்க. கைரதாபாத் பிள்ளையார் 1954ல ஒரு அடியில ஆரம்பிச்சவரு, 2024ல 70 அடி.

இனி வாசனைக்கு வர்றேன். ஒரு காலத்துல ஊருக்கே குடிதண்ணி கொடுத்த ஏரிம்மா இது. 1908ல மூசி ஆத்துல வெள்ளம் வந்து ஊரே அழிஞ்சப்புறம் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர்னு புதுசா கட்டுனாங்க. இதைக் கைவிட்டாச்சு. இப்ப காத்து திரும்பினா மூக்கைப் பொத்தணும். யாரைத் திட்டன்னு விசாரிச்சா, நான் குடியிருக்கிற குக்கட்பள்ளிப் பக்கத்துச் சாக்கடைதான் முக்கியமான காரணமாம். அப்ப நான் போறதுக்கு எவ்வளவோ நாள் முன்னாடியே என் குளியல் தண்ணி ஏரியைப் பார்த்திருக்கும். அதுவும் ஒரு யூ-டர்ன்கூட இல்லாம.

திரும்பி வர்றப்ப மனசு சரியில்ல. தெப்பக்குளம் காய்ஞ்சு கிடந்தப்ப அதுக்குள்ள ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுனோமே, நீ மேல நின்னு சாப்பிடக் கூப்பிடுவியே. தண்ணி இல்லாதப்பவும் நாம குளத்துல இறங்கினோம். இங்க ஏரி நிறைய தண்ணி, கால் நனைக்க ஒரு ஆள் இல்ல. பார்க், படகு, கலர் விளக்கு எல்லாம் வச்சுட்டாங்க. தண்ணியைச் சுத்தம் பண்ணிட்டா மத்தது எதுவுமே வேண்டாம்.

தைப்பூசத் தெப்பத்துக்கு இந்த வருஷமும் லீவு கிடைக்காது போல. அதனால நீங்க மூணு பேரும் டிசம்பர்ல வாங்க, வெயில் காலத்துல வாடை தாங்காது. வாரத்துக்கு ஒருதரம் காச்சிகுடா ரயில் மதுரை வழியா வருது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான் முன்பதிவு திறக்கும், அப்பாவை அக்டோபர்லயே டிக்கெட் போடச் சொல்லு. அப்பத்தாவுக்குக் கீழ் பெர்த் கேக்கணும், அவங்க ஆதார் அட்டையை இப்பவே தேடி எடுத்து வை.

உன் மகன்