‘கேடி’ என்னும் பதத்தின் உற்பத்தியும் விருத்தியும்

வீதியில் திரியும் துஷ்டர்களுக்கு நம் ஜனங்கள் வழங்கியுள்ள பட்டங்களுள் ‘ரவுடி’ ஆங்கிலத்திலிருந்து வந்தது. அதன் பூர்வோத்தரம் ஆங்கிலேயர் அகராதிக்கே பிடிபடாமையால் நாமும் விட்டுவிடுவோம். ‘குண்டா’ 1923ஆம் ஆண்டு வங்காளச் சட்டத்தின் தலைப்பில் ஏறியதோடு சொல் என்னும் பதவி இழந்து ஷரத்தாகிவிட்டது. காசை முந்தானை நுனியிலும் வேட்டி மடியிலும் முடிந்துவைத்த காலத்துத் தொழிலாளியான ‘முடிச்சவிழ்க்கி’, சட்டையில் பை வந்ததும் ஜேப்படிக்காரனுக்கு இடம்விட்டு ஒதுங்கினான். ஆராய்ச்சிக்குரிய மகிமை படைத்தது ‘கேடி’ ஒன்றே.

‘கேடு’ என்பதோடு இகர விகுதி புணர்ந்து ‘கேடி’ ஆயிற்று என்பது பண்டிதர் கட்சி. அக்கட்சியைச் சார்ந்த வித்துவான் ஒருவர், கீழ்வேளூரில் எழுந்தருளியிருக்கும் கேடிலியப்பரின் திருநாமத்தைக் கேடி, இலி, அப்பர் எனப் பிளந்து, ‘கேடிகள் இல்லாத ஊரின் பெருமான்’ என்று உரை கண்டார். அப்பெருமானுக்கு வழங்கும் அக்ஷயலிங்கம் என்ற வடமொழிப் பெயரே அழிவில்லாதவன் என்று கூவிக்கொண்டிருக்க இது என்ன பிதற்றல் என்று வடமொழிவாணர் சீறவே, வித்துவான் ஆதாரம் காட்டினார்: கரையான் அரித்த சுவடி ஒன்றின் 7ஆம் ஓலை, பின்புறம், விளக்கெண்ணெய்க் கறைக்கு வலப்பக்கம், கரையான் முழுவதும் தின்றுவிட்ட மூன்றாம் வரி. தின்றுபோன வரியை எங்ஙனம் வாசித்தீர் என்று கேட்டவர்களை, அச்சுவடிக்குத் தாம் இனி எழுதவிருக்கும் விருத்தியுரையின் அடிக்குறிப்பைப் பார்க்கச் சொன்னார். கையில் சரக்குக் குறையக் குறைய அடிக்குறிப்பு நீள்வது நம் ஆராய்ச்சியுலகின் சம்பிரதாயமாதலால் இதில் வியப்பொன்றும் இல்லை.

இவ்வளவு அமளிக்கும் நடுவே, ஸ்டேஷன் திண்ணையில் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த ஏட்டையா ஒருவர், “அது நோன் டெப்ரடேட்டருங்க, ரெஜிஸ்டரிலே கே, டின்னு ரெண்டெழுத்துதான் போடுவோம்” என்றார். திருட்டுக்கும் கொள்ளைக்கும் பேர்போனவன் என்று போலீஸாருக்குத் தெரிந்து, அவர்கள் கண்காணிப்பில் உள்ள ஆசாமி என்பது பொருள். ஆங்கிலேயன் எழுதிவிட்டு உச்சரியாமல் விழுங்கும் ‘கே’யையே தமிழன் அச்சொல்லின் தலையெழுத்தாக்கி நாடெங்கும் முழக்கிவிட்டான். பின்னர் அது ஸ்டேஷன் எல்லை தாண்டி வீட்டுக்குள் நுழைந்து, முறுக்கு டப்பாவைக் காலி செய்த பேரனைப் பாட்டி ‘கேடிப் பயலே’ என்று கொஞ்சும் அளவுக்கு அபிவிருத்தி அடைந்தது.

பண்டிதர்கள் இவ்விளக்கத்தை அங்கீகரிக்கவில்லை. ஏட்டில் இருப்பதே பிரமாணம் என்பது அவர்கள் சித்தாந்தம். ஏட்டு சொன்னது ஏட்டுப் பிரமாணம் ஆகுமா என்று தீர்மானிக்கக் கூடிய சபை, காபி வரும்வரை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.