ரிமோட் மருமகன்

நாகர்கோவிலில் கணினி வைத்திருக்கும் ஓய்வுபெற்ற மாமா ஒவ்வொருவருக்கும் பெங்களூரிலோ தோஹாவிலோ ஒரு ரிமோட் மருமகன் உண்டு. கணினி அங்கே கோட்டாறில் இருக்கும். அதன் அம்புக்குறியை ஆட்டுபவன் எங்கோ இருப்பான். சொந்த மகன் இருந்தாலும் இந்த வேலை அவனுக்குப் போவதில்லை. மகனிடம் கேட்டால் "கடையில குடுங்கப்பா" என்று முடித்துவிடுவான். அக்கா மகனுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மாமன் சொத்து சகோதரி மகனுக்குப் போன காலம் ஒன்று இருந்தது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதி அந்த முறையைப் பார்த்து விலாநோகச் சிரிக்கவைத்தார். 1926-இல் திருவிதாங்கூரில் அதை மாற்றச் சட்டமும் வந்தது. இன்றைய மருமகனுக்கு வயலும் கிடையாது, தோப்பும் கிடையாது. வந்து சேர்ந்திருப்பது பாஸ்வேர்டு மட்டும்.

பதவியேற்பு பெரும்பாலும் கல்யாண வீட்டுப் பந்தியில், பாயசத்துக்கு இலையைத் துடைத்து வைத்திருக்கும் நேரத்தில் நடக்கும். "நீ கம்ப்யூட்டருதானலே படிச்ச?" என்று மாமா கேட்பார். படித்தது மெக்கானிக்கல் என்ற விளக்கம் அடைப்பிரதமனோடு உள்ளே போய்விடும்.

தொடக்கத்தில் மருமகன் முறைப்படி செய்யப் பார்ப்பான். விண்டோஸிலேயே ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறது. 2001-இல் எக்ஸ்பி புரொபஷனலோடு வந்தது. மாமாவின் கணினியில் இருப்பதோ ஹோம் பதிப்பு. அது வெளியே எட்டிப் பார்க்கும், பிறரை உள்ளே விடாது. காசு கொடுத்து புரோ பதிப்புக்கு மாற்றினாலும் அடுத்த முட்டு, இணைய இணைப்பு. பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரே வெளி முகவரியைக் கொடுத்திருப்பார்கள். வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. தனி முகவரி வாங்கி, ரவுட்டரில் 3389 என்ற வாசலைத் திறந்து வைக்கலாம்தான். ஆனால் திறந்து கிடக்கும் அந்த வாசலைத் தேடி உலகம் முழுக்கத் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக அலைகின்றன. மருமகனுக்கு முன்பே அவை வந்து நிற்கும்.

ஆகவே எல்லோரும் வந்து சேரும் இடம், நடுவில் ஒரு சர்வரை வைத்து இரு முனைகளையும் கோத்துவிடும் செயலிகள்: டீம்வியூவர், எனிடெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப், ஜோஹோ அசிஸ்ட். இரண்டு கணினிகளும் தாமாகவே வெளியே போய் அந்த சர்வரில் சந்திப்பதால் ரவுட்டர் குறுக்கே நிற்பதில்லை. ஜோஹோவுக்குத் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் உண்டு என்று கேள்விப்பட்ட மாமாக்கள் "நம்ம பக்கத்து சாமானையே போடு" என்பார்கள். எதைப் போட்டாலும் முதல் நாள் உரையாடல் ஒன்றுதான்.

"மாமா, ஒரு நம்பர் தெரியுகா?"

"தெரியுகு மக்கா."

"வாசியுங்கோ."

"முழுசுமா?"

"முழுசும். இப்ப ‘அக்செப்ட்’னு ஒண்ணு வந்திருக்கும், அமுக்குங்கோ."

"அமுக்கியாச்சு."

"எத அமுக்குனியோ?"

"என்னத்தையோ அமுக்கினேன். லே, அம்பு தன்னால ஓடுகு!"

"நான்தான் மாமா."

"நீயா? செரி, மெள்ள ஓட்டு."

சொல்லிவிட்டு மாமாவும் மவுஸைப் பிடிப்பார். இரண்டு பேர் கைக்கும் கட்டுப்பட்ட அம்புக்குறி திரையின் நடுவில் நின்று துடிக்கும். மருமகன் ஒரு நிரலை நிறுவப் போனால் விண்டோஸ் திடீரென அனுமதி கேட்கும். அந்தக் கேள்வி கோட்டாறுத் திரையில்தான் தெரியும், பெங்களூரில் வெறும் இருட்டு. "ஏதோ கேட்டுது மக்கா, நான் வேண்டாம்னு சொல்லியாச்சு" என்று மாமா பெருமையாக அறிவிப்பார். முதல் நாளே முழுமையாக நிறுவி, ஆளில்லாமலே நுழைய ஒரு கடவுச்சொல்லும் போட்டு, கணினி தானாக உறங்காதபடி மாற்றி வைப்பவனே தேர்ந்த மருமகன்.

அவனுடைய உயர்ந்த குணம் கண்டும் காணாதிருத்தல். ஒரே ஆதார் அட்டை இருபது தடவை பதிவிறங்கிக் கிடக்கும். கோயில் கமிட்டிக் கணக்கு ‘புதிது’, ‘புதியபுதிது’, ‘கடைசி’, ‘கடைசிக்குப் பிறகு’ என்று நாலு பெயரில் இருக்கும். தோப்பை விற்பது பற்றி மாமா யாருக்கோ எழுதிய கடிதம் பாதியில் திறந்தே இருக்கும். அவன் அதைக் கீழே சுருக்கிவிட்டு, கூப்பிட்ட காரணமான பிரிண்டரைப் பார்ப்பான்.

இந்த ஏற்பாட்டின் உண்மையான அதிகாரி மாமி. ஐப்பசியில் வானம் ஒரு தடவை முழங்கினால் போதும்; பிளக்குகள் எல்லாம் பிடுங்கப்பட்டுவிடும். மருமகன் எரிச்சல்படுவான், ஆனால் நியாயம் மாமி பக்கம்தான். இடியில் ரவுட்டர் கருகினால் தோஹாவிலிருந்து மாற்ற முடியாது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வீசி மின்கம்பங்களைச் சாய்த்தபோது குமரி மாவட்டத்தில் பல இடங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. பெங்களூர்த் திரைகளில் மாமாக்கள் எல்லோரும் ‘ஆஃப்லைன்’.

மருமகனைப் போலவே பேசும் திருடனும் உண்டு. "மின்கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்" என்று செய்தி அனுப்பி, அதே செயலியைப் போனில் இறக்கச் சொல்லி, அதே நம்பரைக் கேட்பான். இவ்வகைச் செயலி மூலம் பணம் பறிபோவது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. "எத அமுக்கச் சொன்னீங்க?" என்று மாமா பத்தாவது தடவை கேட்டதும் திருடனே போனை வைத்துவிடுவதும் நடக்கும். அதை நம்பி இருக்கக் கூடாது. பணம் போனால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். மருமகன் முதல் நாளே சொல்லித்தர வேண்டியது ஒன்று: நம்பரைக் கேட்டு எவன் கூப்பிட்டாலும் வைத்துவிட்டு, மாமாவே மருமகனைத் திரும்ப அழைக்க வேண்டும்.

மருமகனுக்கும் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, ஒரு நாள் பொறுப்பு இளைய மருமகனுக்குக் கைமாறும். அப்போது நுழைவுக் கடவுச்சொல்லை மாற்றி, அனுமதிக்கப்பட்ட கணினிகளின் பட்டியலிலிருந்து பழையவர்களுடையவற்றை நீக்குவதுதான் முறை. ஒருவரும் செய்வதில்லை. ஆகவே பழைய மருமகன்கள் எல்லோரும் இன்றைக்கும் மாமாவின் கணினிக்குள் நுழையலாம். யாரும் நுழைவதில்லை, நுழைந்தது தெரிந்தால் மாமா பிரிண்டரைப் பற்றிக் கேட்பார்.