வன்னியின் மூன்றுசக்கர கூபே: புறத்தோற்றமும் உள்ளலங்காரமும் பற்றிய ஓர் ஆய்வு

புகழ்பெற்ற பந்தயக் கார் ஒன்றின் புறவடிவத்தைப் பிரதியெடுத்து, அதற்குள் மலிவான வேறொரு வண்டியின் இயந்திரத்தையோ அடிச்சட்டத்தையோ புகுத்தி, உரிமையாளர் தம் மனம்போல் செய்வித்துக்கொள்ளும் வாகனத்தை மேலைநாட்டார் ரெப்ளிகா என்பர். கூரை பின்புறம் சரிந்து, கதவுகள் இரண்டாகவும் பின்னிருக்கை பெயரளவிலும் அமைந்துவிட்டால் அது கூபே என்னும் வகைக்குள் அடங்கும். 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே கட்டப்பட்ட பெராரி 250 ஜிடிஓவும், அதைத் தோற்கடிப்பதற்கென்றே பீற்றர் புரொக் வரைந்து ஆறு மட்டுமே கட்டப்பட்ட ஷெல்பி டேற்றோனா கூபேயும் இத்தகைய பிரதிகளுக்கு விருப்பமான மூலங்கள் ஆகும். மேற்கூறிய பெராரிகளுள் ஒன்று 2018இல் 4 கோடியே 84 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஏலம்போனதை அறிந்தவர்கள், அசலை விட்டுப் பிரதியை நாடுவோரைக் குறைகூற மாட்டார்கள்.

இத்தகைய வாகனக் கலை இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இல்லை என்று முடிவுகட்டும் ஆய்வாளர், ஏ9 வீதியில் கரடிப்போக்குச் சந்தி ஓட்டோத் தரிப்பிடத்தில் பத்து நிமிடமேனும் நின்று பார்த்திருக்க மாட்டார். அரச படிவங்கள் முச்சக்கரவண்டி என்றும் ஊரார் ஓட்டோ என்றும் வழங்கும் அந்த வாகனம், வகைப்பாட்டு இலக்கணத்தின்படி நோக்கினால் விளையாட்டுக் கார் என்னும் பட்டத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அதன் மூதாதையான ஆப்பே என்னும் மூன்றுசக்கர வண்டி 1948இல் இத்தாலியில், பியாஜியோ நிறுவனத்தில் பிறந்தது. அந்நிறுவனத்தின் வெஸ்பாவை வடிவமைத்த கொறாதினோ தஸ்கானியோவே இதற்கும் தந்தை. அவரோ மோட்டார் வாகனப் பொறியியலாளர் அல்லர், ஹெலிகொப்டர் செய்வதில் வாழ்நாள் ஆசை கொண்டிருந்த வான்கலப் பொறியியலாளர். பெராரி பிறந்த நாட்டிலேயே பிறந்து, பஜாஜ் நிறுவனத்தின் வழியாக இந்தியாவைக் கடந்து வன்னிக்கு வந்த இவ்வண்டியில், போர்ஷே 911இல் உள்ளது போலவே இயந்திரம் பின்புறத்தில் இருந்து பின்சக்கரங்களைச் சுழற்றுகின்றது. கூபேக்கு இரண்டு கதவுகள் போதும் என்ற சிக்கனக் கொள்கையை இது மேலும் வளர்த்துக் கதவே வேண்டாம் என்ற நிலையை எய்தியுள்ளது. இயந்திரத்தின் கொள்ளளவு சுமார் 200 கன சென்ரிமீற்றர்தான் என்பதை எதிர்வாதமாக முன்வைப்போர் உளர். வெளிப்புறம் எதை வாக்களிக்கின்றதோ அதை உட்புறம் நிறைவேற்ற வேண்டும் என்ற கட்டாயம் ரெப்ளிகாவுக்கு இல்லை என்பதால் அவ்வாதம் நிற்காது.

உருவம் ஒன்றாகவும் உள்ளம் வேறாகவும் இருக்கும் வாகனங்களில் வன்னிக்குப் பழைய அனுபவமும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது, மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிய போத்தலில் பக்குவமாக வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி விட்டு வண்டியை உயிர்ப்பித்தபின், மிகுதிப் பயணம் முழுவதையும் கரும்புகையுடன் மண்ணெண்ணெயே நடத்தியது. பிற்காலத்தில், 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்கள் நாட்டுக்குள் வராதிருந்தபோது, பழைய ஓட்டோ அதன் பிறந்தநாள் விலையைத் தாண்டி விற்கப்பட்டது. புதியது வாங்க வழியற்றவர் கையிலிருப்பதைப் புதியதாக்க முற்படுவது இயல்பு. இருக்கைகளுக்கு உறை தைக்கும் குசன் கடைகள் தழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

புறத்தோற்றத் திட்டமிடலில் முதல் வினா நிறம் பற்றியது. பெராரிக்குச் சிவப்பு பந்தய மரபால் வந்தது. ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் உள்ளொழுங்கைகளில் ஓடும் ஓட்டோவுக்குச் சிவப்பு கிரவல் புழுதியால் பரிந்துரைக்கப்படுகின்றது, ஏனெனில் வெள்ளை வண்டி இரண்டாம் நாளே சிவப்பாகிவிடும் ஊரில் தொடக்கத்திலேயே சிவப்பாக இருப்பது கழுவுகூலியை மிச்சப்படுத்தும். வாகனப் பதிவுப் புத்தகத்தில் நிறமும் எழுதப்பட்டிருப்பதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்காமல் நிறத்தை மாற்றுவது குற்றமாகும். புழுதி செய்யும் நிறமாற்றத்துக்கு மட்டும் எவரும் தண்டம் எழுதுவதில்லை. அடுத்தது ஸ்பொய்லர் எனப்படும் பின்சிறகு. அதிவேகத்தில் காரின் பின்புறம் தரையை விட்டு எழும்பாமல் காற்றைக்கொண்டு அதை அழுத்திவைப்பது இதன் தொழில். மேற்குறித்த டேற்றோனா கூபே 1964இல் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளத்தில் பின்பாரம் இழந்து தத்தளித்த பின்னரே அதற்கு இச்சிறகு பொருத்தப்பட்டது. மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் ஓட்டோ ஒன்றின் பின்புறம் எழும்புமாயின் அதற்குக் காற்று காரணமாகாது, வீதியில் உள்ள குழியே காரணமாகும். எனினும் சிறகு பொருத்தப்படுகின்றது, வாழைக்குலை கட்டுவதற்கு அதைவிட வசதியான இடம் வண்டியில் வேறில்லை. முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒட்டப்படும் பெராரியின் துள்ளும் குதிரை ஸ்ரிக்கர் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. 1980களின் மயாமி வைஸ் தொலைக்காட்சித் தொடரில் கொர்வெற் அடிச்சட்டத்தின்மேல் கட்டப்பட்ட போலிப் பெராரியைக் கண்டு வெகுண்ட பெராரி நிறுவனம், பரந்தன் சந்தி வரை வருவதற்கு இன்னும் காலம் எடுக்கும்.

உள்ளலங்காரமே இக்கலையின் உயிர்நிலை. மேலைநாட்டுக் கூபேயின் உட்புறத்தைத் தீர்மானிப்பவர் அதை ஓட்டப்போகும் ஒருவர்தான். பின்னிருக்கையில் எவரும் அமரப்போவதில்லை என்பதால் அவருக்கு மறுப்புச் சொல்வார் இல்லை. ஓட்டோவில் நிலைமை தலைகீழானது: ஓட்டுநருக்குரியது ஒரு சாண் ஆசனம், பின்புறமோ சட்டப்படி மூவருக்கும் பாடசாலை விடும் நேரத்தில் அதனினும் பலருக்கும் உரிய சபைமண்டபம். ஆகவே குசன் வேலை, அதாவது கடற்பஞ்சு போன்ற ஃபோமை வெட்டி றெக்சின் என்னும் செயற்கைத் தோலால் போர்த்துத் தைக்கும் தொழில், ஓர் ஆளின் சுவைக்கு மட்டும் கட்டுப்பட்டு நடப்பதில்லை. கடைக்காரர் நிலத்தில் றெக்சினை விரித்து, பழைய உறையை அதன்மேல் பரப்பி, சோக்கால் கோடு கீறத் தொடங்கும்போது, சிவப்புக்குக் கறுப்பு எல்லையும் நடுவில் டயமண்ட் தையலும் வேண்டும் என்கிறான் இளைஞன். கறுப்பு வெயிலில் சுடும், சின்னப்பிள்ளைகள் காலை வைக்கேலாது என்கிறார் கூட வந்த தாயார். டயமண்ட் தையலின் ஒவ்வொரு குழியிலும் கச்சான் கோது நிரம்பும், தட்டி எடுக்க முடியாது என்று முன்னனுபவத்தால் எச்சரிக்கிறார் அயல் ஓட்டோக்காரர். கோட்டை அழித்து மறுபடி கீறும் கடைக்காரர், சோக்குக்குத் தனியாகக் கூலி வாங்குவதில்லை என்பது அவருடைய பெருந்தன்மை. அயலவரின் எச்சரிக்கையைப் புறக்கணிக்க முடியாது. ஏ9இல் செல்லும் எந்த வண்டியும் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டும்போது நிற்கும், நின்றால் கச்சான் வாங்கும், வாங்கினால் கோது எங்கே போகும் என்பதும் வெளிப்படை. அலங்காரம் முடிந்த வண்டி முதற்பயணம் போவதும் அக்கோயிலுக்குத்தான். அங்கே தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் நசுக்கும்போது, கார்க்காரருக்கு நான்கு தேவைப்பட இவருக்கு மூன்றே போதுமாகின்றது.

முகப்புத்தட்டு, அதாவது கைப்பிடிக்கும் கண்ணாடிக்கும் இடைப்பட்ட மேடை, பந்தயக் காரில் வேகமானிகளுக்கு உரியது. வன்னியில் அது திருவுருவங்களுக்கு உரியது. பிள்ளையாரும் மடு மாதாவும் ஒரே பசையில் அருகருகே அமர்ந்திருப்பதும், பயணியின் நம்பிக்கை எதுவாயினும் பிறேக் பிடிக்கும் என்ற உறுதியை இருவரும் கூட்டாக வழங்குவதும் இங்கே சாதாரணம். இருக்கையின் பின்னே பொருத்தப்படும் ஒலிபெருக்கி பற்றியும் கூறவேண்டும்: இளையராஜாவின் இசை அதில் காதுக்கு மட்டுமன்றி முதுகெலும்புக்கும் சென்று சேர்கின்றது. 2025 ஜனவரியில், தூய்மையான இலங்கைத் திட்டத்தின் சூழலில், பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் ஆபத்தான மேலதிகப் பொருத்துகளை அகற்றப் பொலிஸார் புறப்பட்டபோது நாடெங்கும் எழுந்த முணுமுணுப்பு, கலைக்கும் சட்டத்துக்கும் இடையிலான பழைய வழக்கின் புதிய தவணையே ஆகும். கண்ணைக் கூசவைக்கும் நீலவிளக்கை எதிரே வரும் சைக்கிள்காரர் சார்பில் கழற்றுவதில் நியாயம் இருக்கவே செய்கின்றது. ஒலிபெருக்கிக்காக வாதாடப் பின்னிருக்கைப் பாட்டிமாரும் முன்வருவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இத்தனை திட்டமிடலும் ஐப்பசி வரைதான். வடகீழ்ப் பருவமழை இறங்கியதும், கதவில்லாத கூபேயின் இருபுறமும் கறுத்த மழைப் படங்கு இழுத்துக் கட்டப்படுகின்றது; கொக்கி ஒன்று கழன்றிருக்கும் இடத்தில் பயணி தம் கையாலேயே அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிறகும் குதிரையும் அலோய் சக்கரங்களும் வெளியே நனைந்துகொண்டிருக்க, டயமண்ட் தையலின்மேல் இருட்டில் நெருங்கி அமர்ந்திருக்கும் நால்வருக்கும், தாம் போவது பெராரியிலா பஜாஜிலா என்பதைவிட, புளியங்குளம் தாண்டிவிட்டதா என்பதே பெரிய கேள்வியாகிவிடுகின்றது; அதற்கும் பாட்டுச் சத்தத்தில் ஓட்டுநரிடமிருந்து பதில் வருவதில்லை.