586 கிலோமீட்டர் நிலுவை கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர், சென்னை.

பெறுநர்: கால அட்டவணை வகுக்கும் உயர் அதிகாரி அவர்கள், ரயில்வே வாரியம், ரயில் பவன், புது டெல்லி.

பொருள்: ஒரே நாளில் இயன்ற மட்டும் நீண்ட ரயில் பயணம் – கிலோமீட்டர் பாக்கி – வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

ஓய்வு பெற்றவர்கள் கோயில், பேரப்பிள்ளை, சர்க்கரை அளவு என்று ஏதாவது ஒன்றில் இறங்கிவிடுவார்கள். நான் தங்கள் கால அட்டவணையில் இறங்கிவிட்டேன். தினசரிக் காலண்டரில் ஒரு தாள் கிழிபடுவதற்குள், அதாவது இரவு பன்னிரண்டு தொட்டு அடுத்த இரவு பன்னிரண்டுக்குள், ரயிலில் மட்டுமே போய் அதிகபட்சம் எத்தனை கிலோமீட்டர் சேர்க்க முடியும்? இதுதான் என் ஆராய்ச்சி. ஆட்டோ, பஸ், விமானம் எதுவும் கூடாது. பன்னிரண்டு அடிக்கும்போது வண்டி ஓடிக்கொண்டிருந்தால், கடைசியாக நின்ற ஸ்டேஷனோடு கணக்கு முடிந்தது. எந்த ஊருக்குப் போகிறோம் என்பது இந்த ஆட்டத்தில் ஒரு பொருட்டே இல்லை. வீட்டில் அதை மட்டும்தான் கேட்கிறார்கள்.

மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினீர்களே, அதைக் கேட்டு எழுதும் கடிதமோ என்று பதற வேண்டாம். என் கோரிக்கை வேறு.

நாட்டிலேயே நெடுந்தூரம் ஓடும் வண்டி திப்ருகர் – கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ். 4,100 கிலோமீட்டருக்கு மேல். விவேகானந்தரின் 150ஆவது பிறந்தநாள் ஆண்டை ஒட்டி 2011இல் விட்டீர்கள். ஆனால் அதில் ஏறியவர் மூன்று இரவு தூங்கி எழ வேண்டும். மொத்தம் பெரிது, தினக்கூலி குறைவு. அதை ஒதுக்கிவிட்டேன்.

அடுத்து ராஜதானி. காலை ஆறு மணி சுமாருக்கு, வாரம் இருமுறை சென்னை சென்ட்ரலில் கிளம்பி, டெல்லி நிஜாமுதீன் வரை ஏறத்தாழ 2,175 கிலோமீட்டர் ஓடுகிறது. விஜயவாடா, வாரங்கல், பல்ஹார்ஷா எல்லாம் தாண்டி நாக்பூர் சேரும்போது இரவு எட்டு மணிக்கு மேல். போபால் வருவதற்குள் தேதி மாறிவிடும். என் விதிப்படி நாக்பூரோடு சரி: கிட்டத்தட்ட 1,090 கிலோமீட்டர். மிச்ச நேரமெல்லாம் மத்தியப் பிரதேசத்து இருட்டில் கரைந்து போகிறது.

இந்த இடத்தில்தான் எழும்பூர் – நாகர்கோவில் வந்தே பாரத் கை கொடுத்தது. 2024 ஆகஸ்ட் 31இல் தொடங்கியபோது அறிவித்த அட்டவணைப்படி காலை 5 மணிக்கு எழும்பூரில் புறப்பாடு, பகல் 1.50க்கு நாகர்கோவில். அதே வண்டி 2.20க்குத் திரும்பி இரவு 11க்கு எழும்பூர். போக 725, வர 725. ஆக 1,450 கிலோமீட்டர்! சென்னைவாசி ஒரே நாளில் போகக்கூடிய மிகத் தொலைவான ஊர் சென்னைதான் என்பதை நிரூபித்த பெருமை தங்களைச் சேரும். நாகர்கோவிலில் அரை மணி நேரம். பதினாறு கிலோமீட்டர் தள்ளி முக்கடலும் கூடுகிறது; பார்க்க நேரமில்லை. பிளாட்பாரத்தில் ஒரு டீ, ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ். அதற்குள் துப்புரவுப் பணியாளர்கள் பெட்டி பெட்டியாக நுழைந்து காலைச் சிற்றுண்டியின் எச்சங்களை மூட்டை கட்டி இறக்கிவிடுகிறார்கள். பதினான்கு நிமிடத்தில் மொத்த வண்டியையும் சுத்தம் செய்வதென்று 2023இல் திட்டமே போட்டீர்கள். ரயில்வேயில் நிமிடத்தை நிமிடமாகவே எண்ணுகிறவர்கள் அவர்கள் மட்டும்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கணக்குப் பிள்ளை புத்தி இதோடு நிற்குமா? கடற்கரையிலிருந்து தாம்பரம் 29 கிலோமீட்டர், எழும்பூரிலிருந்து 25. விடியுமுன் கிளம்பும் முதல் மின்சார ரயிலில் கடற்கரையில் ஏறிப் போய், வந்தே பாரத்தைத் தாம்பரத்தில் பிடித்தால் நான்கு கிலோமீட்டர் லாபம். இரவு எழும்பூரில் இறங்கியதும் மறுபடி மின்சார ரயிலில் தாம்பரம் போனால், பன்னிரண்டு அடிப்பதற்குள் இன்னும் 25. ஆக 1,479. இன்னும் துணிந்தால், நள்ளிரவு தாண்டி விழுப்புரத்தில் ஏதாவதொரு தென்மாவட்ட வண்டியில் ஏறி, ஐந்து மணிக்குள் தாம்பரத்தில் இறங்கலாம். 29க்குப் பதில் 134! மொத்தம் 1,584.

காகிதத்தில் கணக்கு கச்சிதம். தண்டவாளத்தில் அதைத் தடுப்பது தங்கள் அகராதி.

இறுதி ஸ்டேஷனுக்குப் பதினைந்து நிமிடத்துக்குள் தாமதமாக வந்து சேரும் வண்டி, தங்கள் ஏட்டில் சரியான நேரத்தில் வந்த வண்டி. நடுவிலுள்ள ஸ்டேஷன்களுக்கு அது எப்போது வந்தால் என்ன என்று நேரந்தவறாமைக் கணக்கில் கேள்வியே கிடையாது. விழுப்புரத்தில் நான் ஏறும் வண்டி தாம்பரத்துக்கு நாற்பது நிமிடம் தாமதமாக வரட்டும். தாம்பரம் – எழும்பூர் 25 கிலோமீட்டருக்கு அட்டவணையில் தாராளமாக நேரம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். வண்டி அந்தத் தாராளத்தில் புகுந்து எழும்பூரில் நல்ல பிள்ளையாக நிற்கும். தங்களுக்கு நூற்றுக்கு நூறு. என் வந்தே பாரத் செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும். சென்ட்ரலுக்குப் போகிறவர்கள் பேசின் பிரிட்ஜில் இதே தாராளத்தை உட்கார்ந்தபடியே அனுபவிக்கிறார்கள்.

ஒரே வண்டியில் ஏறி ஒரே வண்டியில் இறங்குகிறவருக்குத் தாங்கள் கடைசியில் கணக்குக் காட்டினால் போதும். வண்டி மாறுகிறவர்கள் நடுவில் வாழ்கிறவர்கள் ஐயா. அரக்கோணம், ஜோலார்பேட்டை, விருத்தாசலம், இடார்சி என்று ஜங்ஷன் ஜங்ஷனாக நிற்கும் எங்களுக்குத் தங்கள் புள்ளிவிவரத்தில் கடிகாரமே இல்லை. 2019 ஏப்ரல் முதல் இரண்டு பி.என்.ஆர். எண்களை இணைத்துக்கொள்ளலாம், முதல் வண்டி தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் திரும்பும் என்றீர்கள். நன்றி. பணம் திரும்பும், நாள் திரும்புமா?

இப்போது நிலுவைக்கு வருகிறேன். மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் சராசரி வேகத்தை மணிக்கு 75 கிலோமீட்டராக 2021–22க்குள் உயர்த்துவது என்று ‘மிஷன் ரஃப்தார்’ திட்டம் வகுத்தீர்கள். 2019–20இல் அந்த வேகம் 50.6 என்று தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2022இல் வெளியான அறிக்கையில் எழுதினார். 2,951 எக்ஸ்பிரஸ் வண்டிகளில் 75ஐத் தாண்டியவை 62. சூப்பர்ஃபாஸ்ட் என்று பட்டம் சூட்ட வெறும் 55 போதும். அந்தப் பட்டத்தோடு கூடுதல் கட்டணமும் வாங்கும் 478 வண்டிகளில் 123 அதற்கும் கீழே. ஸ்லீப்பரில் தலைக்கு 30 ரூபாய் அந்தப் பட்டத்துக்குத்தான் போலிருக்கிறது, வேகத்துக்கு இல்லை.

75ஐ 24ஆல் பெருக்கினால் 1,800. 50.6ஐப் பெருக்கினால் 1,214. ஒரு நாளைக்கு எனக்கு வர வேண்டிய பாக்கி 586 கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து ஏறத்தாழ கோவில்பட்டி வரைக்கும். தினம் ஒரு கோவில்பட்டி என்னிடமிருந்து பிடித்தம் செய்யப்படுகிறது. பெய்ஜிங் – குவாங்சோ 2,298 கிலோமீட்டரை 2012 கடைசியிலேயே எட்டு மணி நேரத்தில் ஓட்டினார்கள் என்று சிலர் சொல்வார்கள். தாங்கள் மனம் நோக வேண்டாம். காலையில் போய் இரவில் திரும்பி 4,500 கிலோமீட்டர் என்று எழுதிவிட்டுப் படுக்கிற ஆட்டத்தில் என்ன சுவாரசியம் இருக்கிறது? நம் ஆட்டத்தில் நான்கு கிலோமீட்டருக்கே நெஞ்சு படபடக்கிறது.

கேரளக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் யோகம். மாலையில் கிளம்பும் திருவனந்தபுரம் ராஜதானி நள்ளிரவில் கேரளத்துக்குள்ளேயே இருக்கும். அடுத்த நள்ளிரவில் குஜராத்தில். முழு நாளும் வண்டி மாறாமல் ஓடித் தீர்க்கலாம். ஆனால் மழைக்காலம் வந்தால் அது ஓடும் கொங்கண் பாதையில் வேகத்தைக் குறைக்க அட்டவணையையே மாற்றிவிடுகிறீர்கள். மலைச்சரிவில் பாறை உருளும் பாதை அது. அதில் எனக்குக் குறையில்லை, உயிரோடு குறைந்த தூரம் போவதே மேல். வியப்பெல்லாம் வேறு விஷயத்தில். ரோஹா முதல் தோக்கூர் வரை 741 கிலோமீட்டர் உள்ள அந்தப் பாதையைக் கட்டணத்துக்காக 40 சதவீதம் நீட்டிக் கணக்கிட்டீர்கள். அதாவது 1,037. தண்டவாளத்தைத் தொடாமல், ஒரு ஸ்லீப்பர் கட்டைகூடப் போடாமல், பேனாவாலேயே 296 கிலோமீட்டர் பாதை போட்ட துறை உலகில் வேறெங்கும் இருக்குமா? இந்த ரகசியம் தெரியாமல் வேகத்தைக் கூட்டச் சொல்லி உங்களை நச்சரித்துவிட்டோம்.

தூரத்தை நீட்டத் தெரிந்த தங்களுக்கு நேரத்தை நீட்டவும் வழி உண்டு. 1906இல் இந்தியாவுக்கு ஒரே நேரம் வருவதற்கு முன்பு, ரயில்கள் ஓடியது எங்கள் மெட்ராஸ் நேரப்படிதான். பம்பாய்க்காரரும் கல்கத்தாக்காரரும் முணுமுணுத்துக்கொண்டே அதைப் பார்த்து வண்டி பிடித்தார்கள். இன்றைக்கும் அசாம் தேயிலைத் தோட்டங்களில் ‘பாகான் நேரம்’ என்று ஒரு மணி முன்னால் கடிகாரம் வைத்துக்கொள்கிறார்கள். தோட்டத்து நள்ளிரவில் என் நாளைத் தொடங்கி, தங்கள் நள்ளிரவில் முடிக்க அனுமதித்தால் எனக்கு 25 மணி நேரம் கிடைக்கும். அமெரிக்காவில் குளிர்காலம் வரும்போது கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைப்பார்கள். அட்டவணை கெடாமலிருக்க ஆம்ட்ராக் இரவு வண்டிகளை வழியில் ஒரு மணி நேரம் சும்மா நிறுத்திவைப்பார்களாம். ஆண்டுக்கு ஒரு தடவைதான். நம்மிடம் கடிகாரத்தைத் தொடாமலே அவுட்டர் சிக்னலில் அந்த வசதி நித்தியப்படி உண்டு என்பதை அவர்களுக்கு யாராவது எழுதினால் நல்லது.

எனவே சமூகம் அவர்கள் தாம்பரத்திலும் விழுப்புரத்திலும் ஓடும் கடிகாரங்களையும் தங்கள் நேரந்தவறாமைக் கணக்கில் சேர்க்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நிலுவையிலுள்ள 586 கிலோமீட்டரை ஒரே தவணையில் வழங்க நிதிநிலை இடம் தராது என்று தெரியும். அகவிலைப்படி பாக்கியைப் போலப் பகுதி பகுதியாகத் தந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இந்த ஆண்டு திருச்சி வரை, அடுத்த ஆண்டு மதுரை வரை. வட்டி வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: கொங்கண் கிலோமீட்டராகக் கொடுத்தால் வாங்கமாட்டேன். சங்கிலி பிடித்து அளந்த நேர் கிலோமீட்டராக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வெயிட்டிங் லிஸ்ட் பயணி

நகல்: எழும்பூர் புறநகர் ரயில் டிக்கெட் கவுன்டருக்கு, தகவலுக்காக. இரவு 11 மணிக்கு மேல் மூச்சிரைக்க ஒருவர் ஓடிவந்து தாம்பரத்துக்கு ஒரு டிக்கெட் கேட்பார். சில்லறை கேட்டு நிறுத்த வேண்டாம்.