முட்டுக்காட்டில் ஒரு குருவிக்கூடு

“இன்னா சார், வலை பின்றியா?”

முட்டுக்காடு பாலத்துக்குப் பக்கத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில் இந்தக் கேள்விக்கு ஆளானவர், இதை எழுதுகிறவரேதான். வெட்கம் பிடுங்கித் தின்பதால் கட்டுரை முடியும்வரை அவரை ‘அவர்’ என்றே குறிப்பிடுவோம்.

அவர் வலை பின்னவில்லை. புத்தம் புதிய பெய்ட்காஸ்டிங் ரீலோடு கொடுவா மீன் பிடிக்க வந்திருந்தார். கழிமுகத்து நீரில் கொடுவாவுக்குக் குறைவில்லை. அதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் ஆராய்ச்சி நிலையமே அந்த ஊரில்தான் இருக்கிறது. கடைக்காரர் கற்றுக் கொடுத்தபடி ராடைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், கட்டைவிரலை எடுத்து, வீசினார். நுனியில் கட்டிய லூர், அதாவது பிளாஸ்டிக் மீன், ஐந்தாறு மீட்டர் போனது. பிறகு வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று நினைவு வந்ததுபோல நடு வானில் நின்று, தொப்பென்று விழுந்தது. ரீலுக்குள்ளிருந்து தூண்டில் நரம்பு, கொத்துக் கொத்தாக, வளையம் வளையமாக, பொங்கி வெளியே வந்து கொண்டிருந்தது.

ஆங்கிலம் பேசும் தூண்டில்காரர்கள் இதைப் பறவைக்கூடு என்கிறார்கள். தூக்கணாங்குருவி கேட்டால் வழக்குப் போடும். அது நாரை எண்ணி எண்ணிப் பின்னுகிற ஜாதி. மின்கம்பி, துடைப்பக்குச்சி, யாரோ தொலைத்த கொடிக்கயிறு எல்லாவற்றையும் வைத்துச் சென்னைக் காகம் ஒன்று கட்டுமே, அந்தக் கூட்டைச் சொல்லியிருந்தால் சரி.

ஏன் இப்படி ஆகிறது? சாதாரண ஸ்பின்னிங் ரீலில், நரம்பு சுற்றிய உருளை சும்மா இருக்கும். நரம்புதான் அதன் விளிம்பிலிருந்து நழுவிப் போகும். பெய்ட்காஸ்டிங் ரீலில் உருளையே சுழன்று நரம்பைக் கொடுத்தாக வேண்டும். கணக்குப் போட்டால் தலை சுற்றும். உருளையின் ஒரு சுற்றுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் நரம்பு என்று வைத்துக்கொள்வோம். லூர் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் பறந்தால் உருளை நொடிக்கு 250 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்ற வேண்டும். சட்னி அரைக்கிற மிக்ஸியின் வேகம். லூரைக் காற்று தடுக்கிறது, அதன் வேகம் குறைகிறது. உருளைக்கு அந்தச் சேதி போய்ச் சேர்வதில்லை. பந்தி எழுந்து போனது தெரியாமல் உலைமேல் உலை வைக்கும் சமையல்காரர் மாதிரி, வாங்க ஆளில்லாத நரம்பை அது அள்ளி அள்ளிக் கொடுக்கிறது. லூர் தண்ணீரில் விழும் நொடியில் கட்டைவிரல் உருளையை நிறுத்தாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கேள்வி கேட்ட பெரியவரின் கையில் ராடும் இல்லை, ரீலும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதன் வயிற்றில் நரம்பு சுற்றியிருந்தது, முனையில் ஈயக்குண்டும் இறால் கோத்த முள்ளும். குண்டைத் தலைக்கு மேல் நாலு சுழற்று சுழற்றி, பாட்டிலின் வாயை ஆற்றுப்பக்கம் நீட்டினார். நரம்பு சரசரவென்று வழுக்கி ஓடியது. முப்பது மீட்டர் தாண்டி ‘ப்ளக்’.

“இருபது ரூபா பாட்டில் சார். தண்ணியும் குடிச்சாச்சு.”

பாட்டில் சுழலவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இதே உண்மையைத்தான் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி ஆலை முதலாளியான ஆல்ஃபிரெட் ஹோல்டன் இல்லிங்வர்த் கண்டுகொண்டு, 1905இல் நிலை உருளை ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆலையில் நூல் கண்டுகள் அசையாமல் நிற்க, நூல் மட்டும் நுனியால் உருவிப் போவதைத் தினமும் பார்த்த மனிதர். முட்டுக்காட்டுப் பெரியவர் யாரிடமும் காப்புரிமை கேட்கவில்லை.

அப்படியானால் சுழலும் உருளையைக் கட்டி அழுவானேன்? காரணம் உண்டு. கனமான நரம்பு தாங்கும், பெரிய மீனை முரட்டுத்தனமாக இழுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், பறந்துகொண்டிருக்கும் லூரைக் கட்டைவிரலால் மெல்லத் தடுத்து, பாலத்தூணுக்கு ஒரு சாண் முன்னால் இறக்கலாம். கட்டைவிரல் பழகினவர்களுக்கு, அதாவது.

இந்தக் கருவியைத் தொட்டவர்களில் கடிகாரக்காரர்கள் இத்தனை பேர் இருப்பது விசித்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பாரிஸ் என்ற சிற்றூரில், ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் பல்சக்கரம் வைத்து ஒரு ரீல் செய்தார். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உருளை பல சுற்று சுற்றும். சுருட்டுவது சுலபமானது; உருளை வழுவழுவென்று ஓடியதால் சிக்குவதும் சுலபமானது. ஸ்வீடனின் ஸ்வாங்ஸ்டாவில் 1921இல் பிறந்த நிறுவனத்தின் பெயரே ‘ஊர்ஃபாப்ரிகன்’, அதாவது கடிகாரத் தொழிற்சாலை. ஆபு என்ற சுருக்கப் பெயரில் அது பின்னர் ரீலுக்கு மாறி, 1950களில் சிவப்பு நிற அம்பாசடர் ரீலை வெளியிட்டது. அதில், உருளை வேகம் பிடித்தால் உள்ளிருக்கும் குட்டிக் கட்டைகள் வெளிப்பக்கம் ஒதுங்கி, வளையத்தில் உரசி வேகத்தை அடக்கும். டெக்சாஸைச் சேர்ந்த ஆர்.டி.ஹல்லும் கடிகாரக்காரர்தான். சிக்கலே வேண்டாமென்று, அவர் உருளையை அசையாமல் நிறுத்தி, அதற்கு மூடி போட்டார். அதை 1949இல் விற்க ஆரம்பித்தது, எண்ணெய்க் கிணறுகளுக்கு நேரம் குறித்து வெடிக்கும் குண்டு செய்துகொண்டிருந்த ‘ஜீரோ ஹவர் பாம் கம்பெனி’. இன்று ஜெப்கோ என்ற பெயரில் விற்பனையாவது அதன் வாரிசு. சிக்கிய நரம்போடு ஒரு மணி நேரம் போராடியவருக்கு, வெடிகுண்டுக்காரர்கள் இதில் இறங்கியது ஆச்சரியமாகவே இருக்காது.

இவர்களுக்கு நடுவில் மிச்சிகனில் ஒருவர். நரம்பை உருளையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கொண்டுபோய்ச் சீராகப் பரப்பும் ஏற்பாட்டுக்கு 1890களின் பிற்பகுதியில் காப்புரிமை பெற்றார். பெயர் வில்லியம் ஷேக்ஸ்பியர் ஜூனியர். நாடகம் எதுவும் எழுதவில்லை. அவருடைய கருவியைக் கையில் பிடித்தவர்கள் ஆற்றங்கரைகளில் பேசிய தனிமொழிகள் தனி ரகம்.

பிறகு 1980களில் காந்தம் வந்தது. அலுமினிய உருளை காந்தத்துக்குப் பக்கத்தில் சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து, தன்னைத்தானே பிடித்து இழுத்துக்கொள்ளும். வேகம் கூடக்கூடப் பிடியும் கூடும். ஜப்பானின் ஷிமானோ ஒருபடி மேலே போய், ரீலுக்குள் சின்னக் கம்ப்யூட்டரையே வைத்தது. பேட்டரி கிடையாது, சுழலும் உருளையே அதற்கு மின்சாரம் தரும். விலையைக் கேட்டுவிட்டு நம் ‘அவர்’ கட்டைவிரலிடமே திரும்பி வந்தார்.

பயிற்சிக்கு மொட்டை மாடி. முள்ளைக் கழற்றிய லூர், முதல் வீச்சிலேயே எதிர்வீட்டு வடாம் துணிமேல் இறங்கியது. அதற்குப் பிறகுதான் விஷயம் தெரிந்த நண்பர் ஒருவரைக் கூப்பிட்டார். ரீலைப் பார்த்ததும் நண்பர் உதட்டைப் பிதுக்கினார். “உருளை வழிய வழிய ஏன் சுத்தியிருக்கீங்க? விளிம்புக்கு மூணு மில்லிமீட்டர் கீழேயே நிறுத்தணும். கத்துக்கிற ஆளுக்கு மெல்லிசான பின்னல் நரம்பு, பிரெய்டு, எதுக்கு? அது தனக்குள்ளேயே புதைஞ்சுக்கும். 14 பவுண்டு ஒத்தை இழை மோனோ போதும். லூர் 15 கிராம் இருக்கட்டும்.” பக்கவாட்டுத் திருகை இறுக்கினார். ராடு நுனியில் லூரைத் தொங்கவிட்டு, உருளையை விடுவிக்கும் பட்டனை அழுத்தினால் அது மெதுவாக இறங்க வேண்டும்; தரையைத் தொட்டதும் உருளை நின்றுவிட வேண்டும். நின்றது. பிரேக்கை முழுக்க ஏற்றி வைத்துவிட்டு, பழகப் பழகக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். எதிர்க்காற்றில் வீசவே கூடாதாம். கடைசியாக, வீசும் தூரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக நரம்பை உருவிவிட்டு, மிச்சத்தின்மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினார். எவ்வளவு பெரிய கூடு கட்டினாலும் டேப்புக்குக் கீழே போகாது. பத்து ரூபாய் டேப், கம்ப்யூட்டர் பார்க்கிற வேலையில் பாதியைப் பார்த்துவிட்டது.

ஆனாலும் சிக்கியது. சிக்கியதை அவர் இழுத்தார். இழுக்க இழுக்க வளையங்கள் சுருக்குக் கயிறாகி இறுகின. மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தார். “எட்டு வருஷமா இவ தலையில தினமும் சிக்கெடுக்கறேன். ஒரு நாளாவது பிடிச்சு இழுத்துப் பாத்திருக்கீங்களா? இழுத்தா வீடு ரெண்டாகும்.” பிறகு ஒரு ஊக்கை எடுத்து, மேலாக இருந்த வளையத்தை மட்டும் நெம்பித் தளர்த்தினார். அடுத்தது. அதற்கடுத்தது.

இதையே ஊக்கில்லாமல் செய்யும் வழியும் உண்டு, நண்பர் காட்டியது. மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக்கை முழுக்க இறுக்கி, கட்டைவிரலால் உருளையை அழுத்திப் பிடித்துக்கொண்டே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டும். சிக்கின்மேல் மேலும் சுற்றுவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் அந்த அழுத்தத்தில், நரம்புக்கு மேல் ஏறி உட்கார்ந்திருந்த வளையங்கள் தட்டையாகி இடம் விட்டுக் கொடுக்கின்றன. பட்டனை அழுத்தி நரம்பை மெல்ல உருவினால் வரும். நின்றால் மறுபடி கட்டைவிரல், மறுபடி இரண்டு சுற்று. பெரும்பாலும் மூன்றாவது தடவையில் கூடு கலைந்துவிடும்.

அடுத்த ஞாயிறு முட்டுக்காட்டில் ஏழு வீச்சு சுத்தமாகப் போனது. எட்டாவது கூடு கட்டியது. கட்டைவிரல் வைத்தியத்தில் பிரிந்தும்விட்டது. ஆனால் நரம்பு இரண்டு மூன்று இடங்களில் மடிந்து வெளுத்திருந்தது. பெரிய மீன் வந்தால் மடிந்த இடத்தில்தான் அறும் என்பதால் பன்னிரண்டு மீட்டரை வெட்டினார். அதை ஆற்றோரம் போட்டால் கொக்கின் காலில் சுற்றும். நல்ல குடிமகனாகச் சுருட்டி பேண்ட் பையில் வைத்துக்கொண்டார். பெரியவர் அதற்குள் இரண்டு மடவை மீன் பிடித்திருந்தார்.

பேண்ட் திங்கட்கிழமை வாஷிங் மெஷினுக்குள் போனது. செவ்வாய்க்கிழமை மெக்கானிக் வந்து, அடித்தட்டைக் கழற்றி, அச்சைச் சுற்றி இறுகியிருந்த நரம்பை டார்ச் அடித்துப் பார்த்தார். இடுக்கியை எடுத்தவரிடம் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“இழுக்காதீங்க. கட்டைவிரலால நல்லா அழுத்திக்கிட்டு ரெண்டு சுத்து சுத்திப் பாருங்களேன்.”

மெக்கானிக் அவரைப் பார்த்தார். பிறகு அவர் மனைவியைப் பார்த்தார்.

“மேடம், மொத்தம் அறுநூறு ரூபா ஆகும்” என்றார்.